வலப்பக்கத்துக் கண்

"எங்கம்மா சாவுக்கு எனக்கு ஒரு கண்ணுதான் அழுதுச்சு."

புதுச்சேரியிலிருந்து வில்லியனூர் போகும் சாயங்கால ரயிலில், எனக்கு எதிரே இருந்த குடியானவர் தன் மனைவியிடம் இதைச் சொன்னார். அவர் வாய் கோணியிருந்தது. முகத்தின் வலது பாதி அசையவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டுத் திரும்புகிறார்கள்.

"அதான் தொரை டாக்டர் சொல்லிட்டாரே," என்றாள் அவள். "அந்தப் பக்கத்து மூஞ்சிய அசைக்கிறது, கண்ணுக்குத் தண்ணி வுடறது, நாக்குக்கு ருசி காட்டறது எல்லாம் ஒரே நரம்புதானாம். அது படுத்துக்கிச்சு. ஒங்க தம்பிகிட்ட சொல்லுங்க."

"நம்புவானா? வாய் கோணினா கண்ணு இன்னாத்துக்குக் காயணும்னு அன்னிக்கே கேட்டான். கொள்ளி வெக்கற எடத்துல கல்லாட்டம் நின்னேனாம். அதுலேர்ந்து பேச்சில்ல."

ஜன்னல் வழியாக எஞ்சின் கரி பறந்து வந்தது. மூட முடியாத அந்த வலது கண்ணை அவள் முந்தானையால் மறைத்துப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னொரு கண்ணுலதான் தாரதாரையா வந்துச்சே. அத அவரு பாக்கலியா?"



"கொள்ளி வெச்சிட்டு அவன் இந்தப் பக்கந்தான் வந்து நின்னான்," என்று, முந்தானைக்குக் கீழே அசையாத கன்னத்தைத் தொட்டுக் காட்டினார்.