மௌனச் சாமி என்று என்னைக் கும்பிட்டார்கள்

"படு! கீழே படு!"

கத்துவது நான்தான். ரங்கூன். 1941 டிசம்பர். செவ்வாய்க்கிழமை. காலை பத்து மணி தாண்டிவிட்டது. தெருவில் யாரும் படுக்கவில்லை. வாணவேடிக்கை பார்ப்பதுபோல் எல்லோரும் அண்ணாந்து விமானங்களைப் பார்க்கிறார்கள். என் மனைவி பூங்காவனமும் பார்க்கிறாள். இடுப்பில் எங்கள் ஐந்து மாதப் பிள்ளை. நான் வேலை பார்க்கும் அரிசி ஆலையின் வாசலில் நிற்கிறேன். அவளுக்கும் எனக்கும் இடையில் நாற்பது அடி. விசில் அடிப்பதுபோல் ஒரு சத்தம். அப்புறம் சத்தமே இல்லை. காது அடைத்துவிட்டது. புழுதி இறங்கியபோது தெருவின் அந்தப் பக்கம் இல்லை.

நான் அவர்களை நோக்கி ஓடவில்லை. சுவரோடு ஒட்டிக்கொண்டேன். இதை எழுதக் கூசுகிறது. எழுதித்தான் ஆக வேண்டும்.

பிறகு நடை. வடக்கே புரோம் நகரம் வரைக்கும். அங்கிருந்து மலைப்பாதையில் கடற்கரைக்கு. கூட வந்தவர் முனிரத்தினம் பாவா. என் அக்காவின் கணவர். அதே ஆலையில் மேஸ்திரி. வழியெல்லாம் காலரா. "அந்தத் தண்ணி வேணாம்! குடிக்காதீங்க!" முன்னால் போனவர்கள் கத்துகிறார்கள். பாவா குடித்துவிட்டார். ஒன்றரை நாள் சுமந்தேன். ஒரு மரத்தடியில் சாய்த்து உட்கார வைத்தேன். "நீ போடா. உங்க அக்காவப் பாத்துக்கோ" என்றார். போனேன். அவருக்கு மூச்சு இருக்கும்போதே போனேன்.

1942 பங்குனியில் திருத்தணி வந்து சேர்ந்தேன். அக்கா வாசலுக்கு வந்தாள். "அவரு எங்கடா?" இல்லை என்று தலையை ஆட்டினேன். அதன்பின் அவள் கேட்கவில்லை. மறுவாரமே ஊரார் வயலில் களையெடுக்கப் போனாள். எனக்குச் சோறு போட.

என் போர் முடிந்துவிட்டது என்று நினைத்தேன். எனக்கு அப்போதுதான் தொடங்கியது. சுவரைப் பார்த்துப் படுத்தேன். சோறு மண்ணாக இருந்தது. விடியுமுன் விழிப்பு வரும். எதற்கு விழித்தோம் என்றிருக்கும். அழுகை வரவில்லை. வந்திருந்தால் எனக்கு ஏதோ ஆகிவிட்டதென்று யாராவது கண்டுபிடித்திருப்பார்கள். அரக்கோணம் பக்கத்திலிருந்து விமானம் கிளம்பும். முதலில் ஒரு முனகல். அப்புறம் இரைச்சல். ஓட்டு வீட்டின் ஓடு அதிரும். நான் நெல் குதிருக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்வேன். சொந்தக்காரர்கள் சோம்பேறி என்றார்கள். எனக்கும் அப்படித்தான் பட்டது.

அக்கா என்னை மலைக்கு அழைத்துப் போனாள். மற்ற முருகன் கோயில்களில் சூரசம்ஹாரம் நடக்கும். எங்கள் மலையில் நடக்காது. சண்டை முடித்த சாமி கோபம் ஆறி வந்து உட்கார்ந்த இடம் இது. "இங்க உக்காரு. உனக்கும் ஆறும்" என்றாள். தினமும் போனேன். படிகள் திரும்பும் இடத்தில், ஒரு பாறை நிழலில் உட்கார்ந்தேன். யாரோடும் பேசவில்லை. தாடி நெஞ்சு வரை வளர்ந்தது. உடம்பு எலும்பானது.

ஒரு நாள் ஒருவர் என் காலைத் தொட்டுக் கும்பிட்டார். மறுநாள் நாலு பேர். யாரோ திருநீற்றுத் தட்டு கொண்டுவந்து வைத்தார்கள். மௌனச் சாமி என்று பேர் வந்தது. மலையேறுகிறவர்கள் வரிசை கட்டினார்கள். என் அக்கா அவர்களை விரட்டினாள். "அவன் சாமி இல்லீங்க. என் தம்பி. ஒடம்பு சரியில்லாதவன். எழுந்து போங்க!" அவர்கள் அவளையும் கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

நான் ஏமாற்ற நினைக்கவில்லை. மறுக்கத் தெம்பில்லை. ஆனால் உள்ளுக்குள் சௌகரியமாக இருந்தது. ஏன் சாப்பிடவில்லை, ஏன் வேலைக்குப் போகவில்லை என்று சாமியை யாரும் கேட்பதில்லை.

1944. ஆடிக் கிருத்திகைக் கூட்டம் வடிந்த மறுநாள். பள்ளிப்பட்டிலிருந்து ஒருத்தி வந்தாள். தறி நெய்யும் குடும்பம். "எங்க வூட்டுக்காரரு பட்டாளத்துக்குப் போய் வந்தாருங்க சாமி. இப்ப பேசறதில்ல. சோறு வச்சா அப்படியே கெடக்குது. சுவத்தப் பாத்துகினே படுத்துகினு இருக்காரு. ஏரோப்ளேன் சத்தம் கேட்டா தறிக்குழியில எறங்கிக்கறாரு. பேய்ங்கறாங்க. சாமிதான் சொல்லணும்."

ஒவ்வொரு சொல்லும் என்னைப் பற்றியது. அந்த நிமிஷம் எனக்குத் தெரிந்துவிட்டது. இது சோம்பல் இல்லை. பேய் இல்லை. தவமும் இல்லை. பள்ளிப்பட்டில் ஒருவனுக்கும் இங்கே எனக்கும் ஒரே மாதிரி வருகிறதென்றால் இது நோய். சொல்லியிருக்கலாம். வாயைத் திறக்க அலுப்பாக இருந்தது. ஆம், அலுப்பு. கையைத் தூக்கித் திருநீறு கொடுத்தேன். அவள் சந்தோஷமாக இறங்கிப் போனாள்.

மார்கழியில் திரும்ப வந்தாள். நெற்றியில் பொட்டு இல்லை.

"ஏரிக்குப் போனவரு வரலீங்க சாமி. நீங்க குடுத்த திருநீற தெனமும் அவருக்குப் பூசினேன். விரதமும் இருந்தேன். விரதத்துல நான் எதனா தப்பு பண்ணிட்டேனா?"

இரண்டே முக்கால் வருஷத்துக்குப் பிறகு என் குரலை நானே கேட்டேன். "உன் தப்பு இல்லம்மா. நான் சாமி இல்ல. அவருக்கு வந்தது நோய். எனக்கும் அதேதான். அன்னைக்கே தெரிஞ்சுது. சொல்லல."

அவள் அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கூடையை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

நானும் இறங்கினேன். வயலில் நின்ற அக்காவிடம் போனேன். "அக்கா, எனக்கு வைத்தியம் பாக்கணும்." அவள் சேற்றுக் கையோடு என் தாடியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மறுநாளே ரயில் ஏறினோம். அரக்கோணத்தில் மாறி, பட்டணத்து ஆஸ்பத்திரி. பைத்தியக்கார ஆஸ்பத்திரி என்று ஊர் சிரித்தது. சிரிக்கட்டும். அங்கே ஒரு டாக்டர். இதற்கு மெலங்கோலியா என்று பேர், மனம் சோர்ந்துபோகும் நோய் என்றார். உன்னைப்போல் நிறையப் பேர் வருகிறார்கள் என்றார். வியாழன்தோறும் போனேன். மருந்து கொஞ்சம். பேச்சுதான் அதிகம். முதல் மாதம் நான் பேசியது வானிலை. இரண்டாவது மாதம் அரிசி ஆலை. நான்காவது மாதம் அந்த நாற்பது அடி. அன்று அழுகை வந்தது. டாக்டர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகுதான் பாவாவைப் பற்றி அக்காவிடம் சொன்னேன். மூச்சு இருந்தது என்பதையும் சொன்னேன். அவள் எழுந்து போய் அடுப்பை ஊதினாள். எட்டு நாள் என்னோடு பேசவில்லை. எட்டு நாளும் சோறு போட்டாள். ஒன்பதாம் நாள், "களையெடுக்க வர்றியாடா?" என்றாள். போனேன்.

இன்னும் ஓடு அதிர்ந்தால் குதிர் பக்கம் கால் போகிறது. பாதியில் நின்றுவிடுகிறேன்.

இழப்பு இது. பூங்காவனம், இருபத்திரண்டு வயது. பேர் வைக்காத எங்கள் பிள்ளை, ஐந்து மாதம். முனிரத்தினம் பாவா, முப்பத்தாறு. எடுத்து எரிக்க ஒருவர் உடம்பும் கிடைக்கவில்லை. அப்புறம் பள்ளிப்பட்டு நெசவாளி ஒருவர். வயது தெரியாது. பேர் கேட்கவில்லை. இவரை உன் கணக்கில் சேர்க்காதே என்றார் டாக்டர். மற்ற எல்லாவற்றிலும் டாக்டர் சொன்னதைக் கேட்டேன்.