கழுவாத தட்டு

"ஹலோ... ஹலோ, அண்ணா, நான்தான்... ஆமா, ஹோமுக்கு வந்துட்டேன். ஆமா, ஆமா, கம்ப்யூட்டர் போட்டாச்சு, பெரிய திரை மாட்டியாச்சு, நாற்காலியும் போட்டாச்சு. விஷயம் அதில்ல... கொஞ்சம் என்னைப் பேச விடறியா?"

முதியோர் இல்லத்து மாடி வராந்தாவில் ஃபினைல் வாடைக்கு நடுவே நின்றுகொண்டு பேசினாள் தங்கை. அண்ணன் நடத்துகிற கணினிப் பயிற்சிக் கூடத்தில், புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பாடம் எடுப்பவள் அவள். அங்கே படிக்கிற ஒரு பெண் எழுதிய மாத்திரைப் பட்டியல் புரோகிராமைத்தான் அண்ணன் கூசாமல் இந்த இல்லத்தின் தலையில் கட்டியிருந்தான். அதைப் பார்க்க இன்றைக்கு வேறு இல்லங்களிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். அண்ணன் தொரையோ வெளியூர் போய்விட்டார். செய்து காட்டுகிற வேலை தங்கைக்கு.

"இங்க ஆயாம்மா ஒருத்தங்க அழுதுக்கிட்டே பையில துணி அடுக்கறாங்க... யாரா? காலையில மாத்திரை குடுக்கறவங்க. கடைசிக் கட்டில் பெரியவருக்கு மாத்திரையே குடுக்காம, குடுத்ததா டிக் போட்டுட்டாங்கன்னு இன்னியோட வேலையை விட்டு நிறுத்தறாங்க... ம்... ம்... ஓ. வயசானவங்க, விரல் எங்கயாவது பட்டிருக்கும்னு மேட்ரன்கிட்ட சொன்னதே நீதானா?... நல்லாயிருக்கு."

அவள் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"அந்த டிக் அவங்க போட்டதில்ல அண்ணா. பட்டியல் தானா போட்டுக்கிச்சு... விளையாடல. இப்பதான் பார்த்தேன். முதல் கட்டில் அம்மாவுக்கு மட்டும் டிக் போட்டுட்டுத் திரையைக் கீழே தள்ளிக்கிட்டே போறேன். கடைசிக் கட்டில் பெரியவர் பேருக்கு நேரா அம்சமா ஒரு டிக் உக்காந்திருக்கு. ஆயாம்மா அதைப் பார்த்துட்டு, சரி, யாரோ குடுத்துட்டாங்கன்னு விட்டிருக்காங்க... எப்படின்னு என்னையா கேக்கறே? தெரியாத மாதிரி கேக்காதே, எரிச்சலா வருது."

"சரி, கேளு. வகுப்புல புதுசா வர்றவங்களுக்குச் சொல்ற மாதிரியே உனக்கும் சொல்றேன். இங்க பதினோரு பேர். பட்டியல்ல எத்தனை பேர் இருந்தாலும் திரையில தெரியறது பத்து வரிதான். அதனால அது ஆளுக்கொரு வரி செய்யாது. மேலே போய் மறையற வரியையே எடுத்து, பேரை மாத்திக் கீழே கொண்டுவந்து வைக்கும். மெஸ்ல தட்டு மாதிரி. இருக்கற தட்டைத்தானே கழுவிக் கழுவிப் போடறான்? வரி திரும்ப வர்றப்பல்லாம் பழைய டிக்கைத் துடைன்னு நாமதான் எழுதணும். எழுதலைன்னா, முன்னாடி சாப்பிட்டவன் எச்சில் தட்டுல அடுத்தவனுக்குச் சாப்பாடு... ஆமா, சொன்னாலே குமட்டுதில்ல? எனக்கும்தான்."

அந்தப் பக்கம் ஏதோ நீளமாக ஓடியது. அவள் போனைக் காதிலிருந்து சற்றுத் தள்ளிப் பிடித்தாள்.

"யாரு, எழுதின அந்தப் பொண்ணா? ஆயாம்மா முடிஞ்சு இப்ப அவ தலையா? வாய் கூசலையா உனக்கு? நாலு வகுப்பு எடுக்க வேண்டிய பாடத்தை ஒண்ணாச் சுருக்கினது யாரு? அந்த ஒண்ணையும் என்கிட்ட குடுக்காம நீயே எடுத்தே. துடைக்கிற பக்கத்தையே கிழிச்செறிஞ்சே... ஆமா, ஆமா, கஷ்டமான இடம் வந்தா புதுசா வந்ததுங்க ஓடிடும்னே. ஒருத்தரும் ஓட மாட்டாங்க. கொஞ்ச நேரம் முழிப்பாங்க. ஒரு டிக் போட்டுட்டுக் கீழே தள்ளிப் பாருங்கம்பேன். டிக் இடம் மாறி உக்காந்திருக்கறதைப் பார்த்ததும் சிரிச்சிடுவாங்க. ஒரு தடவை சிரிச்சவ அதை ஜென்மத்துக்கும் மறக்க மாட்டா. நீ அஞ்சு பேரை வச்சுச் சோதிக்கச் சொன்னே. அஞ்சு பேருக்குத் தள்ளவே வேண்டாமே, தப்பு எங்கேர்ந்து தெரியும்?"

"என்ன?... இன்னொரு தடவை சொல்லு... காதுல விழுந்துச்சு, நீதான் சொன்னியான்னு பார்த்தேன். கீழே தள்ளாம காட்டணுமா? முதல் பத்துப் பேரோட நிறுத்திக்கணுமா?... அப்ப கடைசிக் கட்டில் பெரியவரையும் எழுந்து முன்னாடி வந்து படுத்துக்கச் சொல்லட்டுமா?"

வராந்தாக் கோடியில் ஆயாம்மா சோப்பு டப்பாவைப் பைக்குள் திணித்துவிட்டு, மாற்றுச் செருப்பைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"சீ... ஆமா, சீன்னுதான் சொன்னேன். அவங்களுக்கு வேற வேலை கிடைக்குமாம்ல. பொய் டிக் போட்டவன்னு பேரு வாங்கினவங்களுக்கு எவன் குடுப்பான்? பழி ஓரிடம் பாவம் ஓரிடம்னு கேள்விப்பட்டிருக்கேன். அதையே ஒருத்தன் பொழைப்பா வச்சிருக்கறதை இன்னிக்குத்தான் பார்க்கறேன். ஒரே வயித்துல பொறந்தோம்னு சொல்லிக்கவே அருவருப்பா இருக்கு... மேட்ரனுக்கு ஒரு போன் போடு. தப்பு எங்க பட்டியல்லன்னு ஒரே ஒரு வார்த்தை... நாளைக்கா? அவங்க இன்னிக்குப் போறாங்க அண்ணா... ம்... ம்... வகுப்புப் பக்கமே வர வேண்டாமா? சரி, வரல. வேற?"

படியில் காலடிச் சத்தம் கேட்டது. மேட்ரன் முன்னால் வர, விருந்தாளிகள் பின்னாலேயே கூடத்துக்குள் போனார்கள்.

"வந்துட்டாங்க... பயப்படாதே, ஓட மாட்டேன். செஞ்சு காட்டத்தானே வந்தேன், காட்டறேன். போனை வைக்காதே, மேசை மேல வைக்கிறேன். கேட்டுக்கிட்டிரு."

உள்ளே போய்ப் போனை மேசைமேல் வைத்தாள். குரலைச் சரிப்படுத்திக்கொண்டாள்.

"வணக்கம், உக்காருங்க... மேட்ரன், நீங்க கொஞ்சம் கிட்ட வாங்க. பட்டியல் நாங்க செஞ்சது. ஆனா தினமும் இதைத் தொடறவங்க காட்டறதுதான் முறை... ஆயாம்மா, பையை அங்கேயே வச்சிட்டு வாங்க... பரவாயில்ல, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, வாங்க. முதல் பேருக்கு மட்டும் டிக் போடுங்க... போட்டாச்சா? இப்ப கீழே தள்ளுங்க... இன்னும்... கடைசி வரைக்கும். போதும், கையை எடுத்துடுங்க."

பெரிய திரையில், பெரியவர் பேருக்கு நேராகப் பச்சை டிக் பளிச்சென்று நின்றது.

"மேட்ரன், நீங்க பக்கத்துலயேதான் இருந்தீங்க. இதை யார் போட்டாங்க?"

மேட்ரன் திரையைப் பார்த்தார். அப்புறம் ஆயாம்மாவின் கையைப் பிடித்துத் தன் நாற்காலியில் உட்கார வைத்தார். மேசைமேல் கிடந்த போனில் அண்ணன் எப்போதோ இணைப்பைத் துண்டித்திருந்தான்.