வெல்டு வைத்த சைக்கிள்

"இறக்கத்துல சைக்கிளுக்குப் பின்னாடி ஒரு மரக்கிளையக் கட்டி இழுத்துட்டு வரப் பாப்பாகிட்டச் சொல்லியிருக்கேன். வேகம் மட்டுப்படும்."

செம்மேடு வழியாக மலையிறங்கி நாமக்கல் போகும் காலைப் பேருந்தில், எனக்கு முன்னிருக்கையில் இருந்தவர் தன் மனைவியிடம் சொன்னார். மகளுடைய சைக்கிளின் முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கைக் கழற்றி மடியில் வைத்திருந்தார். அதில் விரல் நீளத்துக்கு விரிசல்.

"அப்படிக் கிளையக் கட்டி எறங்க அவ வெறகுக்கா போறா? பள்ளிக்கூடத்துக்குங்க. போன தடவ வெல்டு வச்ச எடத்துலயே மறுபடி விரிசல் உட்டிருக்கு. பேசாம வேற பழைய வண்டி ஒண்ணு வாங்குங்க."

"அது எங்கெங்க உழுந்து எந்திரிச்சதோ, யாரு கண்டா? இதுல எங்க விரிசல்னு நமக்குத் தெரியுமில்ல புள்ள."

"தெரிஞ்சுக்கிட்டே அவள ஏத்தி உடுவீங்களா?"

அவர் ஃபோர்க்கைத் துண்டில் சுற்றினார். அந்த அம்மா விடவில்லை.

"செரி, வெல்டு வைங்க. மொதல்ல நீங்க ஏறி, நம்மூட்டு இறக்கத்துல எறங்கிக் காட்டுங்க."

"என் கனத்துக்குத் தாங்காது."

"அவ தம்பியையும் வச்சுல்ல ஓட்டிட்டு வாரா?"

செம்மேட்டில் பேருந்து நின்றது. "வெல்டிங் பட்டறைன்னீங்களே, எறங்குங்க" என்றார் நடத்துனர்.

அவர் எழுந்திருக்கவில்லை. "சேந்தமங்கலத்துக்கு ரெண்டு டிக்கெட் குடுங்க. பழைய வண்டி பாக்கோணும்."

பேருந்து கிளம்பியதும் மனைவி சொன்னார்.

"சும்மா பாத்துட்டு வாங்கிரக் கூடாதுங்க. நீங்க ஓட்டுங்க, நான் பின்னாடி உக்காந்துக்கறேன். நம்ம ரெண்டு பேரையும் தாங்குனாத்தான் அந்த வண்டி ஊட்டுக்கு வரோணும்."