ஐயாக்கண்ணு கொண்டுபோய்க் கொடுத்த உறை

பெருமதிப்பிற்குரிய தலைவர் ஆண்டனி ராஜ் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் பெரியோர்களே, எஸ்டேட்டில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே, வாழவந்திச் சொந்தங்களே!

வரலாற்றுச் சிறப்புமிக்க செய்தி ஒன்றோடு தொடங்குகிறேன். ரகசியப் புகார்களின்மேல் குத்தப்படும் ‘ரகசியம்’ என்ற முத்திரை, இனி நீல மையில் அல்ல, சிவப்பு மையில் குத்தப்படும்! கீழே சேலத்தில் ஓர் அலுவலகத்தில் ஆறு அதிகாரிகள் அமர்ந்து, ஆழ்ந்து ஆராய்ந்து, அரும்பாடுபட்டு எடுத்த முடிவு இது. கைதட்டுங்கள். போதும்.

இந்த முடிவுக்குக் காரணமானவர் நம் கொட்டச்சேட்டுக் கொத்தனார் ஐயாக்கண்ணு. சாலை வளைவில் தடுப்புச்சுவர் கட்டும் வேலைக்குப் போனார். கம்பி இருக்கவேண்டிய இடத்தில் கம்பி இல்லை. கண்ட கண் உறங்குமா? ‘இந்தச் சுவர் ஒரு மழைக்குத் தாங்காது, என் பெயரை வெளியிடவேண்டாம்’ என்று எழுதி, பஸ் ஏறிப் போய் அந்த அலுவலகத்தில் நேரில் கொடுத்தார்.

புகார் யார்மேலோ அவரிடம் விளக்கம் கேட்கவேண்டும் என்பது விதி. எழுத்தர் அந்த மனுவையே உறையில் போட்டார், ஒட்டினார், ‘ரகசியம்’ என்று குத்தினார்.

“ஏனுங்க, மலைக்குத்தானே போறீங்க? தபால்ல போட்டா நாலு நாளாகும். இதைக் காண்ட்ராக்டர் கையில குடுத்துருங்க.”

“அதுக்கென்னங்க, குடுத்தர்றேன்” என்றார் ஐயாக்கண்ணு.

நம் வழக்கம் உங்களுக்குத் தெரியாததா? மேலே வருகிறவர் கையில் மருந்தைக் கொடுத்தாலும் சரி, கல்யாணப் பத்திரிகையைக் கொடுத்தாலும் சரி, உரியவர் ஊடு வந்து சேரும். பிரித்து மட்டும் பார்க்கமாட்டோம்.

என்னம்மா? பிரித்துப் பார்த்திருக்கலாமே என்கிறீர்களா? நானும் அவர் மனைவி அத்தாயியிடம் கேட்டேன். “அடுத்தவங்க கடுதாசிங்க. பிரிச்சா நல்லாவாங்க இருக்கும்?” என்றார். உள்ளே இருந்தது அவர் வீட்டுக்காரர் எழுதிய கடிதம், தாய்மார்களே!

காண்ட்ராக்டர் படித்தார். “நொம்ப சந்தோசம் ஐயாக்கண்ணு, டீ குடிச்சுட்டுப் போ” என்றார். குடித்தார். மறுநாள் வேலை இல்லை. மறுவாரம் சிமெண்ட் திருடினார் என்று வழக்கு. ஜாமீன் நிபந்தனைப்படி, தினமும் காலையில் சேலத்தில் கையெழுத்துப் போடவேண்டும். இந்த மேடையில் அவர் நாற்காலி காலியாக இருப்பது அதனால்தான்.

அத்தாயி பாதுகாப்புக் கேட்டு மனுப் போட்டார். பதில் வந்தது: ‘பெயர் ரகசியமாக உள்ளவர்களுக்கே பாதுகாப்பு. தங்கள் கணவர் பெயர் வெளியாகிவிட்டபடியால் பொருந்தாது.’ வெளியிட்டது யார்? ‘மனுதாரரே நேரில் கொண்டுபோய்க் கொடுத்தார்’ என்று கோப்பில் குறிப்பு இருக்கிறது! இனி இப்படி ரகசியம் வெளியாகாமல் இருக்கத்தான் அந்தச் சிவப்பு மை!

புகார் சொல்பவரைக் காக்கச் சட்டம் இல்லையா? இருக்கிறது. இரண்டாயிரத்துப் பதினான்கிலேயே இயற்றிவிட்டார்கள். நடைமுறைக்கு வரும் தேதியை மட்டும் இன்னும் சொல்லவில்லை.

அந்தத் தேதியைத்தான் கேட்கிறோம்! களவு செய்தவனைக் காக்கக் கோப்பு இருக்கிறது; கையெழுத்து இருக்கிறது; கூடிப் பேச ஆறு அதிகாரிகள் இருக்கிறார்கள். கண்டதைச் சொன்னவனைக் காக்க யார் இருக்கிறார்? சேர்வராயன் சந்நிதியில் பொய் சொல்ல அஞ்சிய மலை, இன்று மெய் சொல்ல அஞ்சுகிறதே! இந்த அச்சத்தை யார் துடைப்பது?

பொறுமையோடு கேட்ட உங்களுக்கும், மூன்றாம் வரிசையில் அந்தப் பதில் கடிதத்தை மடியில் வைத்து அமர்ந்திருக்கும் அத்தாயிக்கும் என் நன்றி; கைகூப்பிய வணக்கம்.

ஓர் அறிவிப்பு. போன வாரம் சுவர் விழுந்துவிட்டதால், கொட்டச்சேடு பஸ் அந்த வளைவோடு நின்றுவிடும். அங்கிருந்து நடந்து போகவேண்டும்.