அமைதியான வார்டு

இந்த நாற்காலி வசதியாக இருக்கிறது, இன்ஸ்பெக்டர் கமாலுதீன். போலீஸ் நிலையத்தில் இவ்வளவு நல்ல நாற்காலி இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. நர்ஸ் வேலையில் உட்காரவே பழகாத எனக்கு இது பெரிய உபசாரம்தான்.

என் வார்டில் சோமசுந்தரம் ஐயா எப்படி இறந்தார் என்று கேட்டீர்கள். மறைக்க எதுவும் இல்லை, சொல்கிறேன்.

ஆள் போதவில்லை, களைத்துவிட்டோம் என்று நாங்கள் நிர்வாகத்திடம் சொல்லாத நாளில்லை. அவர்களைக் கல்நெஞ்சக்காரர்கள் என்று சொல்லமாட்டேன். உடனே யோகா ஆசிரியர் ஒருவரை வரவழைத்து, எப்படி மூச்சு விடுவது என்று சொல்லிக்கொடுத்தார்கள். அதற்கு மறுநாள், இரட்டை ஷிப்ட் பார்த்த என் சக நர்ஸ் மோகனா ஒருவருடைய மருந்தை இன்னொருவருக்குக் கொடுக்கப் போனாள். கையைப் பிடித்துத் தடுத்தேன். நிபோங் திபால் ஊரிலிருந்து பஸ் ஏறி வருகிற சின்னப் பெண், கழிப்பறையில் உட்கார்ந்து அழுதாள்.

அவளுக்காகத்தான் பொத்தான்களில் கை வைத்தேன். எங்களைக் கூப்பிட ஒவ்வொரு தலையணைக்குப் பக்கத்திலும் ஒரு பொத்தான் தொங்கும். அமுக்கினால் மணி அடிக்கும். நாங்கள் போகத் தாமதித்தால் தலைமை நர்ஸான மேட்ரன் அறையில் இருக்கும் திரையில் எங்கள் வார்டின் பெயர் சிவப்பாகிவிடும். சும்மா சும்மா அமுக்குகிறவர்களின் பொத்தானை மட்டும், விரிப்பு மாற்றும் சாக்கில், கை எட்டாதபடி தலைமாட்டுக்குப் பின்னால் மாட்டினேன். கொஞ்ச நாளில், எல்லாருமே சும்மாதான் அமுக்குகிறார்கள் என்று எனக்குத் தெளிவாகிவிட்டது.

சிவப்பே வராத வார்டு என்று மேட்ரன் ரொஸ்னா எங்களுக்குக் கேடயம் கொடுத்தார். இவ்வளவு அமைதியான வார்டுக்கு இரண்டு பேர் எதற்கு என்று மோகனாவை வேறு மாடிக்கு மாற்றியும் விட்டார். நான் பட்ட பாட்டுக்குக் கிடைத்த மரியாதை அது.

வார்டில் செட்டியார் என்று எல்லாரும் கூப்பிட்ட சோமசுந்தரம் ஐயா வயிற்றில் ஆபரேஷன் முடிந்து வந்தவர். குளிர்கிறது, தாகம் எடுக்கிறது என்று எதற்கெடுத்தாலும் மணி அடித்தவர். அவருடைய பொத்தானையும் மாட்டியாயிற்று. அன்று மதியம் பக்கத்துக் கட்டிலிலிருந்து அப்துல் ரஹீம் குரல் கொடுத்தார். கால் உடைந்து, எழுந்திருக்க முடியாத மனிதர்.

"மிஸ்ஸி, செட்டியாருக்கு ரத்தம் போவுது லா. கொஞ்சம் வாங்களேன்."

எனக்குக் கேட்டிருக்காது என்று அவர் உங்களிடம் சொன்னாராம். பெருந்தன்மைதான். ஆனால் நான் பொய் சொல்லிப் பழகியவள் இல்லை. கேட்டது. சோமசுந்தரம் ஐயா, "புஷ்பவள்ளி, இங்க வாம்மா" என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் கேட்டது. அப்போதுதான் தேநீர் ஊற்றியிருந்தேன், சூடாக இருந்தது. ஆறவைத்துக் குடித்து முடிப்பதற்குள் அவர் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்.

அதன் பிறகு போய்ப் பார்த்தேன். விரிப்பு முழுக்க ரத்தம். அதை அடுத்த ஷிப்ட் மாற்றிக்கொள்ளட்டும் என்று கட்டிலைச் சுற்றித் திரைச்சீலையை இழுத்துவிட்டு வந்தேன். நல்ல தூக்கத்தில் இருப்பவரை எழுப்ப எனக்கு மனம் வரவில்லை.