பாசிப் பாறையில் காட்டிய சைகை

அருவிக்குப் போகிறவர்கள் ரப்பர் செருப்போடு போகக் கூடாது ஐயா. கேன்வாஸ் ஷூதான் பாறையில் பிடிக்கும். சுங்குவார்சத்திரத்தில் வேன் ஏறும்போதே எல்லார் காலையும் பார்த்து, ரகுபதியை வீட்டுக்குத் திருப்பி அனுப்பி ஷூ மாட்டிவரச் சொன்னவன் நான்தான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

கம்பெனியில் அவனும் நானும் ஒரே ப்ரெஸ் மிஷினில் வேலை. அந்தச் சத்தத்தில் பேச்சு கேட்காது. மிஷினை நிறுத்திவிட்டு நான் கட்டைவிரலைத் தூக்குவேன். அதைப் பார்த்த பிறகுதான் தகடு வைக்க அவன் கையை உள்ளே விடுவான். இத்தனை வருஷமாக அவன் விரல்கள் முழுசாக இருந்தது என்னால்தான்.

இந்தத் தொண்ணூற்றொன்றாம் வருஷம் கம்பெனியில் சங்கம் ஆரம்பிக்கலாமென்று சிலர் ரகசியமாகக் கூடினோம். பேசியதெல்லாம் மறுநாளே மேனேஜர் காதுக்குப் போனது. எங்களோடு கூடிய முனிரத்தினத்துக்கு வேலை போயிற்று. அடுத்தது நான்தான். யாரோ போட்டுக்கொடுக்கிறான். மேனேஜர் ரூமிலிருந்து ரகுபதி சிரித்துக்கொண்டே வந்ததைப் பார்த்தேன். தங்கச்சி கல்யாணத்துக்கு லீவு கேட்டானாம். லீவு கேட்கப் போனவன் எதற்குச் சிரிக்க வேண்டும்? அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

காட்டு வழி அப்படியொன்றும் கஷ்டமில்லை. நிழலில் உட்காரவைத்து, தண்ணீர் குடிக்கவைத்துத்தான் எல்லாரையும் கூட்டிப்போனேன். மடுவுக்கு மேலே ஒரு பாறையைத் தாண்ட வேண்டியிருந்தது.

“நீ முன்னால போயி பாருப்பா” என்றான் ரகுபதி. “நீ சைகை காட்டாம நான் எங்கனா கைய வுட்டுகீறேனா?”

போய்ப் பார்த்தேன். நடுவில் பாசி, கீழே ஆழம். ஓரமாகச் சுற்றி அந்தப் பக்கம் போய் நின்றேன். அருவி இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. அவன் என்னைப் பார்த்தான். கட்டைவிரலைத் தூக்கினேன். குனிந்துகூடப் பார்க்காமல் நடுப்பாறையில் காலை வைத்தான்.

நான் அவனைத் தள்ளவில்லை, தொடவும் இல்லை. சைகை காட்டியதைப் பார்த்ததாக, எங்களோடு வந்த சுப்பன் சொல்லியிருக்கிறான். உண்மைதான். வழுக்கும் என்று தெரிந்தேதான் காட்டினேன்.

அவன் செத்த பிறகு, போன வாரம் வாலாஜாபாத்தில் நாங்கள் கூடிப் பேசியதுகூட மறுநாளே மேனேஜருக்குத் தெரிந்துவிட்டது. “அப்போ ரகுபதி இல்லன்னு இப்பனா புரியுதாய்யா?” என்று கேட்கிறீர்கள். நானும் நன்றாக யோசித்துப் பார்த்துவிட்டேன் ஐயா. அவனுக்குக் கூட்டாளி ஒருவன் இருந்திருக்கிறான்.