மூணு மணிக்கு ஒரு மசாய்

— முதல்ல அந்தக் கண்ணாடியைக் கழட்டுங்க தம்பி. மசாய் வீரன் எங்கயாவது மூக்குக் கண்ணாடி போடுவானா?

— கழட்டினா உங்க முகமே எனக்குத் தெரியாதுங்கம்மா. என் பேர் லெமையான். நான் வந்த விஷயம் என்னன்னா...

— விஷயம் தெரியும், வேலைக்கு. இந்த வைரிமு ஆள் தேடுறேன்னு ரொங்காய் பஸ் ஸ்டாண்டு முழுக்கச் சொல்லி அனுப்பினதே நான்தான். கேட்டீங்களா, மூணு மணிக்கு நாப்பது வெள்ளைக்காரங்க வர்றாங்க. ஒரே நாள்ல நைரோபி. காலையில வனவிலங்குப் பூங்காவுல சிங்கம், மத்தியானம் தட்டுல சுட்ட ஆடு, மூணு மணிக்கு நம்ம கிராமத்துல மசாய். இன்னிக்கு மசாய் ஆட்டத்துல குதிக்க ஆள் இல்லைன்னா இனிமே பஸ் இந்தப் பக்கம் திரும்பாதுன்னு டூர்க்காரன் சொல்லிட்டான். பதினெட்டுப் பேர் சோறு இதுல இருக்கு.

— இத்தனை நாள் யாருங்க குதிச்சாங்க?

— ஒச்சியெங். நேத்து குதிச்ச குதியில கணுக்கால் போச்சு.

— ஒச்சியெங்கா? அது லுவோ பேராச்சே. ஏரிக்கரை ஆளுங்க, மீன் பிடிக்கிறவங்க.

— மீன் பிடிச்சா என்ன, நல்ல உயரம். டேய் முசியோக்கா! இங்க வா. மசாயா இருக்கறது எப்படின்னு இந்தத் தம்பிக்குச் சொல்லிக் குடு.

— வந்துட்டேன் அக்கா. வணக்கம் தலைவா. நான்தான் இந்தக் கிராமத்து மசாய்த் தலைவர். அஞ்சு பொண்டாட்டி, முந்நூறு மாடு.

— நிஜமாவா?

— எல்லாம் ஷோவுக்குத்தான் தலைவா! நான் கம்பா இனத்துக்காரன். போன வருஷம் வரைக்கும் மட்டாட்டு வண்டியில தொத்திக்கிட்டு டிக்கெட் போட்டவன். ஒரே பொண்டாட்டி, அவளும் கோவிச்சுக்கிட்டு மச்சாக்கோஸ்ல அம்மா வீட்டுல இருக்கா. சரி, முதல் பாடம். நெஞ்சை நிமித்து. தூரமாப் பாரு. பஸ் வருதான்னு பார்க்கற மாதிரி இல்ல, சிங்கம் வருதான்னு பார்க்கற மாதிரி.

— சிங்கம் வந்தா அப்படி நின்னு பார்க்க மாட்டோம்ங்க. டார்ச் எடுப்போம்.

— பார்றா! சிங்கத்தைப் பத்தி எனக்கே பாடமா? பதினாறு வயசுல ஒத்த ஈட்டியில நான் கொன்ன சிங்கத்தைத் தினம் தினம் சொல்றேன். போன வாரம் ஒரு ஜெர்மன்காரம்மா அழுதே விட்டாங்க.

— எங்க பட்டிக்குப் போன மாசம் நிஜமாவே வந்துச்சு. பூங்காவுக்குத் தெற்கால வேலி ஏது? நாலு மாட்டை அடிச்சுப் போட்டுட்டுப் போயிடுச்சு. பதிலுக்கு அதைக் கொன்னா ஜெயில். அதான் பட்டியைச் சுத்தி அணைஞ்சு அணைஞ்சு எரியற விளக்கு மாட்டியிருக்கோம். யாரோ டார்ச்சோட நடமாடுறாங்கன்னு நினைச்சு சிங்கம் கிட்ட வராது.

— ஐயோ தம்பி! மூணு மணிக்கு வாயைத் திறந்து விளக்கு கிளக்குன்னு சொல்லிடாதீங்க. நாப்பது பேரும் காசைத் திருப்பிக் கேப்பாங்க. ஈட்டி. ஈட்டியைத் தவிர வேற பேச்சே கூடாது, கேட்டீங்களா?

— இருக்கட்டும்ங்க. இந்தச் சுரைக்குடுவையில என்ன?

— பசு ரத்தமும் பாலும் தலைவா. ஒரு மடக்குக் குடிச்சிட்டுப் புறங்கையால வாயைத் துடைக்கணும். உடனே நாப்பது போட்டோ விழும்.

— பீட்ரூட் வாசனை அடிக்குதுங்களே.

— பீட்ரூட்தான். வாரத்துக்கு ஏழு நாள் ஷோ, ரத்தத்துக்கு எங்க போறது? ஆமா, உங்க வீட்டுல காலையில என்ன குடிப்பீங்க?

— டீ. சர்க்கரை கொஞ்சம் தூக்கலா. அப்பா சடங்குல ரத்தம் குடிச்சிருக்காரு. நான் மாட்டு டாக்டர்ங்க, மாட்டு ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில பார்த்ததோட சரி.

— டாக்டரா? பாவம். படிச்சவங்கதான் இப்ப தெருத்தெருவா அலையறாங்க. முசியோக்கா, உன் ஆசீர்வாதத்தைச் சொல்லிக் காட்டு. தம்பி கூடச் சேர்ந்து சொல்லட்டும்.

— கோமரோக்... கயோலே... டொன்ஹோம்... முத்துர்வா...

— இது பஸ் ஸ்டாப்புங்க வரிசையாச்சே!

— என் பழைய ரூட்டு தலைவா. கையைத் தூக்கி, கண்ணை மூடி, இழுத்து இழுத்துச் சொன்னா மசாய் மந்திரம். சாமி சத்தியமா, இதுவரைக்கும் ஒருத்தர் கேள்வி கேட்டதில்ல.

— கொல்லன் தெருவுல ஊசி விக்கறீங்க.

— சும்மா பேசாதீங்க தம்பி, குதிங்க. எங்க, பார்ப்போம். ... இவ்வளவுதானா? சாக்கடையைத் தாண்டற மாதிரி இருக்கு!

— ஷூ போட்டிருக்கேன்ங்கம்மா. தரையும் மேடும் பள்ளமுமா இருக்கு.

— ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்.

— இதுவரைக்கும் ஒரு மசாயைக்கூட வேலைக்கு வைக்கலையா நீங்க?

— வச்சோமே, சங்காலேன்னு ஒருத்தனை. சிங்கம் கொன்னியான்னு விருந்தாளி கேட்டா, “இல்லீங்க, வாங்க டீ குடிக்கலாம்”ங்கறான். முசியோக்கா மந்திரம் சொல்லும்போது விழுந்து விழுந்து சிரிக்கறான். மூணே நாள், அனுப்பிட்டேன். மசாய்க்காரனை வச்சு மசாய் வேலை வாங்கவே முடியாதுப்பா.

— இந்த நிலம் யாருதுங்க?

— ஒரு மசாய்க் கிழவர். வருஷத்துக்கு ஒரு கிடா அனுப்பறோம், வாயைத் திறக்கறதில்ல. ஆறு வருஷமா இந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்கலை. அதை விடுங்க. தம்பி, நான் மனசுல பட்டதைச் சொல்லிடறேன். கண்ணாடி, டார்ச்சு, டீ, இந்தக் குதி... நீங்க மசாய் மாதிரியே இல்லை. உங்களை எடுக்க முடியாது.

— முடிவாத்தான் சொல்றீங்களா? மூணு மணிக்கு வேற ஆள்?

— முசியோக்காவே குதிக்கட்டும். முடிவுதான். வேணும்னா எழுதியே தரேன்.

— எழுதிக் குடுங்க. இந்தாங்க பேனா.

— “லெமையான் இங்கு மசாய் வேலைக்குத் தகுதியில்லாதவர். வைரிமு.” போதுமா? இதை எங்க கொண்டுபோய் மாட்டப் போறீங்க?

— எங்க அப்பாகிட்ட காட்டணும். நீங்க கிடா அனுப்பற கிழவர் அவர்தான்.

— அக்கா! வேலியில போன ஓணானை மடியில எடுத்துக் கட்டிக்கிட்டோமே அக்கா!

— வாயை மூடுடா! டாக்டர் தம்பி, உக்காருங்க, ஏன் நிக்கறீங்க? முசியோக்கா, டீ போடு, சர்க்கரை தூக்கலா! அந்தச் சீட்டைக் குடுங்க தம்பி, ஏதோ விளையாட்டுக்கு எழுதினது.

— இருக்கட்டும்ங்கம்மா. சங்காலே என் சித்தப்பா பையன். இங்க ஒரு மசாய்கூட இல்லைன்னு அவன் வந்து சொன்னதை அப்பா நம்பலை. பாவம், நல்ல மனுஷங்க, நீயே நேர்ல பார்த்துட்டு வான்னாரு. குத்தகைப் பத்திரத்துல அவர் கேட்டிருக்கறது ஒண்ணே ஒண்ணு. இங்க வேலை பார்க்கறவங்கள்ல ஒரு மசாயாவது இருக்கணும், இல்லைன்னா நிலம் திரும்பிடணும்.

— ஐயோ... இதை வந்ததுமே சொல்லியிருக்கக் கூடாதா தம்பி?

— சொல்லத்தான் வாயைத் திறந்தேன், விஷயம் தெரியும்னுட்டீங்க. பதினெட்டுப் பேர் சோறுன்னதும் எனக்கும் மனசு கேக்கலை. இல்லைன்னா இந்த வயசுல ஷூவோட எதுக்குங்கம்மா குதிச்சேன்? நீங்க மட்டும் என்னை எடுத்திருந்தா, அந்த ஒரு மசாய் நானாவே இருந்துட்டுப் போயிருப்பேன்.